கழுநீர்த் தொட்டியில் தாமரை: ஆடியில் தொடங்கி வைகாசியில் பூத்த கதை

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்க வந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். தொட்டியில் மொட்டு வாய் திறந்திருந்தது. முழுசாக விரியவில்லை, ஒரு கைப்பிடி நுழைகிற அளவுக்குத்தான் திறப்பு. உள்ளே எட்டிப் பார்த்தால் நடுவில் விதை தங்கும் மஞ்சள் பொகுட்டு, அதைச் சுற்றி மகரந்தக் காம்புகள் நெருக்கமாக. முதல் நாள் பூவுக்குத்தான் வாசனை அதிகம் என்று கேள்விப்பட்டிருந்தேன், அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பத்து மாதமாக இந்தத் தொட்டியோடு பட்ட பாட்டையெல்லாம் வரிசையாக எழுதி வைக்கிறேன். தெருவில் மூன்று பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள், நான் செய்த தவறுகளை அவர்களும் காசு போட்டுச் செய்ய வேண்டாம்.

எங்கள் ஊர் மேலூர் பக்கம். வீட்டில் மாடு இருந்த காலத்தில் வாங்கிப் போட்ட சிமெண்ட் தொட்டி ஒன்று கொல்லையில் சும்மா கிடந்தது. கழனித் தண்ணீர் ஊற்றி வைக்கிற வட்டத் தொட்டி. உள்விட்டம் 3 அடி, உள் ஆழம் ஒன்றரை அடி, சுவர் கனம் இரண்டரை அங்குலம், ஏறக்குறைய 300 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். உடைத்து அள்ளிவிடலாம் என்றார் வீட்டுக்காரர். அத்தைதான் விடவில்லை. "செவலைக்கு வாங்கின தொட்டி தாயி. அது கழுத்து வச்ச எடம் இன்னும் வழவழன்னு இருக்கு, தொட்டுப் பாரு" என்று விளிம்பைத் தடவிக் காட்டினார். உண்மைதான். தொட்டி முழுக்கச் சொரசொரப்பு, ஆனால் விளிம்பில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் சிமெண்ட் தேய்ந்து உள்ளிருக்கும் ஜல்லி கூழாங்கல் மாதிரி பளபளத்தது. வருடக்கணக்கில் ஒரு மாடு ஒரே பக்கமாக நின்று கழுத்தை வைத்துத் தேய்த்த தடம் அது. அந்த இடத்தில் மட்டும் சிமெண்டோ சுண்ணாம்போ படக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிக்கொண்டேன்.

முதலில் இடம் பார்த்தேன். தாமரைக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும். எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை வாசலில் நிழல் விழும் கோட்டைச் சாக்பீஸால் வரைந்தேன். சுவரிலிருந்து 6 அடி தள்ளி ஒரு இடத்தில் காலை எட்டரை முதல் மாலை நாலு வரை வெயில் இருந்தது. சரி, இதுதான் இடம் என்று நான்கு பேரைக் கூப்பிட்டு, கடப்பாரையால் நெம்பி, சவுக்குக் கட்டைகளை அடியில் கொடுத்து உருட்டிக் கொண்டுவந்து வைத்தோம். முந்நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். டீ, வடையோடு அன்றைய செலவு முடிந்தது. இந்த இடத் தேர்வில் ஒரு பெரிய பிழை இருந்தது, அது மார்கழியில்தான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது ஒழுக்கு. தண்ணீர் நிறைத்துக் கரித்துண்டால் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியிலும் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டேன். வாளியில் குறைவது வெயிலுக்குப் போவது, தொட்டியில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தால் அது ஒழுக்கு. மறுநாள் வாளியில் ஒரு நூல் அளவுதான் இறங்கியிருந்தது, தொட்டியில் இரண்டு அங்குலம். அடியில் கழுவிவிடுவதற்கு வைத்த துவாரத்தில் பழைய துணியும் கட்டையும் அடைத்திருந்தது, அதன் வழியாக ஒரு கசிவு. விளிம்பிலிருந்து பாதி ஆழம் வரை முடி கனத்தில் ஒரு விரிசல், அதன் வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அவசரப்பட்டு ஹார்டுவேர் கடையில் இரண்டு பாக்கெட் எபாக்சிப் பசை வாங்கிப் பிசைந்து விரிசல் மேல் அப்பினேன். கல் மாதிரி இறுகியது. மூன்றாம் நாள் நகத்தால் நெம்பினால் பட்டையாகப் பெயர்ந்து கையோடு வந்தது. குற்றம் பசையில் இல்லை. பத்து வருடப் பாசியும் கழனிப் பிசுக்கும் ஊறிய சுவரை நான் ஒழுங்காகச் சுரண்டவில்லை, ஈரமும் காயவில்லை. 120 ரூபாய் போனது.

ஊரில் இருக்கிற கொத்தனார் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். வந்து பார்த்துவிட்டு, "விரிசலை மூடாத, தொற" என்றார். அதாவது விரிசலை உளியால் வெட்டி அகலப்படுத்த வேண்டும். அவர் சொன்னபடி நானே செய்தேன். உளியும் சுத்தியலும் வைத்து விரிசல் நெடுக விரல் அகலத்துக்கு, அரை அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டினேன். கம்பி பிரஷால் தொட்டி உட்புறம் முழுவதையும் தேய்த்தேன், இரண்டு மணி நேரம் ஆனது, தண்ணீர் கறுப்பாக வடிந்து வடிந்து கடைசியில் சாம்பல் நிறத்துக்கு வந்தது. காடியை நனைத்து, சிமெண்ட் பால் தடவி, அது காய்வதற்கு முன்னாலேயே 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு சலித்த மணல் கலவையை, கடையில் விற்கிற நீர்க்கசிவுத் தடுப்புத் திரவம் கொஞ்சம் சேர்த்து, கொத்துக்கரண்டியால் அழுத்தி அடைத்தேன். அடித் துவாரத்தையும் அப்படியே. பிறகு உட்புறம் முழுக்கக் கால் அங்குலக் கனத்துக்கு ஒரு பூச்சு, மணியாஸ் கட்டை போட்டுத் தேய்த்து மட்டம். செவலையின் இடம் விளிம்பு மேலே இருப்பதால் தப்பித்தது. ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் காலை மாலை தண்ணீர் விட்டேன். எட்டாம் நாள் வாளிச் சோதனை, இரண்டிலும் ஒரே அளவு. ஒழுக்கு நின்றது.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த நாளே மதுரைக்குப் போய்ப் பதினைந்து கப்பி மீன் வாங்கி வந்து விட்டுவிட்டேன். தண்ணீரைத் திறந்து வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும், மீன் இல்லாமல் இந்த மாதிரித் தொட்டி வைக்கவே கூடாது, அதனால் செடிக்கு முன்னால் மீன் என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் பதினைந்தும் மிதந்தன. ஒவ்வொன்றாக வலையில் எடுத்தது இன்னும் மனசில் நிற்கிறது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும், தண்ணீர் காரமாகிவிடும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிஎச் தாள் ஒரு கட்டு 150 ரூபாய்க்கு வாங்கி நனைத்துப் பார்த்தபோது கருநீலமாக மாறியது, அட்டையோடு ஒப்பிட்டால் 11. மீனுக்கு 7, 8 பக்கம் இருக்க வேண்டும்.

வண்ண மீன் வளர்ப்பவர்கள் புதுத் தொட்டியில் வாழைத் துண்டு போடுவார்கள் என்று மீன் விற்றவரே சொன்னார். தார் வெட்டிய வாழை ஒன்றை வாங்கி ஓரடித் துண்டுகளாக நறுக்கித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தேன். பத்து நாளில் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்து நாற்றமெடுக்கும், அப்போது வடித்துவிட்டுத் தேய்த்துக் கழுவி, மறுபடி புதுத் துண்டு. இரண்டு முறை இப்படி, அப்புறம் மூன்று நாள் வெறும் தண்ணீர். தாள் 8 காட்டியது. மொத்தம் இருபத்து நான்கு நாள். இந்த இருபத்து நான்கு நாளைத் தவிர்க்க எந்தக் குறுக்கு வழியும் நான் பார்க்கவில்லை. பழைய தொட்டியில் பூச்சே போடாமல் விரிசலை மட்டும் அடைத்திருந்தால் இத்தனை நாள் ஆகியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

மண் விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. மாடித் தோட்டக் கலவை, தேங்காய் நார்க்கழிவு எதுவும் இதற்கு ஆகாது, எல்லாம் மிதந்து மேலே வந்துவிடும். கண்மாய்க் கரம்பைதான், அதாவது கண்மாய் அடியில் படிகிற வண்டல் மண். வயலுக்கு அடிக்க அனுமதி வாங்கி டிராக்டரில் கரம்பை கொண்டுவந்தவர் ஒருவரிடம் எட்டுச் சட்டி கேட்டு வாங்கினேன், காசு வாங்கவில்லை, ஆட்டோ வாடகை மட்டும் 200. காய்ந்த கட்டிகளை உடைத்து, வேர், நத்தை ஓடு பொறுக்கி, தொட்டியில் 7 அங்குல உயரத்துக்குப் பரப்பித் தண்ணீர் விட்டு மிதித்தேன். நன்றாக ஊறிய கரம்பை கால் விரலுக்கு நடுவில் வெண்ணெய் மாதிரி பிதுங்கும்.

இதில் இரண்டு கூடை பசுஞ்சாணம் கலந்தேன். அது தவறு. கண்மாயிலிருந்து ஒரு பையன் தோண்டிக் கொடுத்த செந்தாமரைக் கிழங்கை நட்டேன், அது அடுத்த தவறு. சாணம் மக்காதது. தண்ணீருக்கு அடியில் காற்றில்லாமல் புளித்து, குச்சியால் குத்தினால் குமிழி குமிழியாக அழுகிய முட்டை நாற்றம் வந்தது. கிழங்கோ ஒரு கை நீளம், வழியில் முளை நுனி முறிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. தாமரைக் கிழங்கின் உயிர் அந்த நுனியில்தான். பச்சை மிளகாய் மாதிரி கூராக இருக்கும், லேசாகத் தட்டினாலே ஒடியும். ஒடிந்த கிழங்கு புரட்டாசி பிறப்பதற்குள் கறுத்துக் கூழாகிவிட்டது. மண் முழுவதையும் வாரி வெளியே கொட்டி வெயிலில் காயவைத்து மறுபடி போட வேண்டியிருந்தது. சாணம்தான் வேண்டுமென்றால் ஒரு வருடம் மக்கிய எரு, அதுவும் அடியில் ஒரு அங்குலம், மேலே வெறும் கரம்பை. இரண்டாம் முறை அப்படித்தான் போட்டேன், நாற்றமே இல்லை.

அடுத்து விதை. பூக்கடையில் காய்ந்த பொகுட்டு ஒன்று 20 ரூபாய். உலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும். உள்ளே ஆறு விதை, கருப்பு, கல் கெட்டி. இந்த ஓட்டுக்குள் தண்ணீர் போகவே போகாது. சீனாவில் வறண்டுபோன ஏரிப் படுகை ஒன்றில் எடுத்த சுமார் 1300 வருடப் பழைய தாமரை விதை முளைத்திருக்கிறது என்றால் காரணம் இந்த ஓடுதான். நாம் அதை உரசித் திறக்க வேண்டும். விதைக்கு இரண்டு முனை, ஒன்றில் சின்னக் குழி இருக்கும், இன்னொன்றில் ஒரு முள் மாதிரி நீட்டல். குழி உள்ள பக்கத்தைக் கரடுமுரடான உப்புத்தாளில் வைத்துத் தேய்த்தேன். முதலில் கருப்புப் பொடி வரும், பிறகு பழுப்பு. அடியில் ஒரு வெளிர் மஞ்சள் புள்ளி தெரிந்ததும் உடனே நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் போனால் பருப்பு காயப்பட்டு அழுகும். ஒரு விதைக்கு பத்து நிமிடம் பிடித்தது, கட்டைவிரல் சிவந்துவிட்டது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிச் சன்னலோரம் வைத்துத் தினமும் தண்ணீர் மாற்றினேன். மறுநாளே விதை இரண்டு மடங்காக ஊதியது. நாலாம் நாள் ஓடு பிளந்து கொக்கி மாதிரி வளைந்த பச்சை முளை. ஆறில் ஐந்து முளைத்தன. சுருண்ட இலை தண்ணீர் மட்டத்துக்கு ஏறி, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு விரிந்த அன்று அத்தை நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

வேர் வந்ததும் இரண்டை மட்டும் தொட்டியில் நட்டேன். மண்ணுக்கு மேல் 3 அங்குலத் தண்ணீர் போதும், இலை ஏற ஏறத் தண்ணீரையும் ஏற்றலாம். ஐப்பசி மழை அந்தக் கணக்கைக் கெடுத்தது. ஒரே இரவில் தொட்டி நிரம்பி வழிந்ததில் இரண்டாம் முறை வாங்கி விட்ட பதினைந்து கப்பியில் பாதி வாசலோடு போய்விட்டது. மிச்சமிருந்தவை கார்த்திகைக்குள் குட்டி போட்டுப் பழைய எண்ணிக்கைக்கு மேல் போய்விட்டன, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒழுக்கு அடைத்தபோதே விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே முக்கால் அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றைப் பதித்து, வாயில் கொசுவலை கட்டியிருந்தால் இது நடந்திருக்காது. இப்போது துளை போடப் பயமாக இருக்கிறது, மழைக் காலத்தில் ஒரு ஜாடியால் இறைத்துச் சமாளிக்கிறேன்.

இடையில் தண்ணீர் பச்சையாகியது. மூன்று வாரம் அடி தெரியவில்லை. மாற்றினேன், நாலு நாளில் மறுபடி பச்சை. மாற்றாமல் விட்டிருக்க வேண்டும், இலை பரவி நிழல் விழுந்ததும் தானாகத் தெளிந்துவிடுகிறது. பொறுக்காமல் மாட்டுத் தீவனத்துக்கு அசோலா வளர்க்கிற வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி வாங்கிப் போட்டேன். தண்ணீர் தெளிந்தது, ஆனால் அசோலா பாய் விரித்த மாதிரி மூடி, புதுசாக ஏறிய குட்டி இலைகளை அமுக்கிவிட்டது. இப்போது வாரம் இரண்டு தரம் சல்லடையால் பாதியை அள்ளிப் பக்கத்து வீட்டுக் கோழிக்குக் கொடுக்கிறேன்.

மார்கழிக்கு வந்தேன். விதைச் செடிகள் அப்படியே நின்றுவிட்டன. புது இலை இல்லை, பழைய இலை ஓரம் காய்ந்தது. உரக் குறை என்று நினைத்து மேலும் போட இருந்தேன். ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வாசலுக்கு வந்தபோதுதான் கண்ணில் பட்டது: தொட்டி முழுக்க நிழலில் இருக்கிறது. ஆடியில் எங்கள் ஊரில் நடுப்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே, சொல்லப்போனால் கொஞ்சம் வடக்கே. அதனால் வடக்கு வாசலில் வெயில் கொட்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், வீட்டு நிழல் முழுக்க வடக்கே விழும். டேப் வைத்து அளந்தேன். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 14 அடி உயரம், நடுப்பகல் நிழல் 9 அடி. என் தொட்டி 6 அடியில் இருக்கிறது. ஆடியில் நாள் முழுக்கச் சாக்பீஸ் போட்டு அளந்த நான் இன்னொரு பருவத்தை நினைத்துப் பார்க்கவில்லை. தெற்குப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது, வடக்கு வாசல்காரர்கள் மார்கழியில் அளந்து வையுங்கள், அந்த இடம் வருடம் முழுக்க நிற்கும்.

தையில் தொட்டியைக் காலி செய்து, மறுபடி ஆள் வைத்து, சுவரிலிருந்து 14 அடி தள்ளி நகர்த்தினோம். இந்த முறை 600 ரூபாய் கூலி. காலியாக இருந்ததால் வெளிப்புற வேலையையும் அப்போதே முடித்தேன். அதில் ஒரு பாடம் ஏற்கெனவே ஆகியிருந்தது. புரட்டாசியில் வெளிச்சுவருக்கு ஒரு லிட்டர் எமல்ஷன் பெயிண்ட் வாங்கி அடித்திருந்தேன், 380 ரூபாய். இரண்டே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்தது. தண்ணீர்த் தொட்டியின் சுவரில் ஈரம் உள்ளிருந்து வெளியே வந்துகொண்டேயிருக்கும், பெயிண்ட் தோல் மாதிரி அதை அடைத்துக்கொண்டால் உரியாமல் என்ன செய்யும். இந்தத் தடவை எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பு 5 கிலோ வாங்கி மண்பானையில் ஊறவைத்தேன். கொதித்து அடங்கி இரண்டு நாள் கழித்துத் துணியில் வடிகட்டி, சோறு வடித்த கஞ்சி கொஞ்சம் சேர்த்து, ஈரச் சுவரில் மூன்று பூச்சு. ஈரத்தைச் சுண்ணாம்பு அடைக்காது, வெளியே விட்டுவிடும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நான் வீட்டுக்காரரின் பைக் ஓட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். உள்ளே ஒரு சொட்டும் விழாமல் தொட்டி வாயில் சாக்கு கட்டியிருந்தேன், மீண்டும் ஒரு வாழைத்தண்டு வைத்தியத்துக்கு எனக்குத் தெம்பில்லை.

மேலே கோயில் மதில் மாதிரி காவிப் பட்டை. வெளிச்சுற்றளவு நூல் பிடித்து அளந்தால் 129 அங்குலம் வந்தது. காவியும் வெள்ளையும் மாறி மாறி வர வேண்டுமென்றால் பட்டைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேரும் இடத்தில் ஒரே நிறம் இரண்டு பட்டை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 4 அங்குலப் பட்டை 32 வைத்தால் 128, மிச்சம் ஒரு அங்குலத்தை வீட்டுப் பக்கம் பார்த்த பட்டைகளில் பகிர்ந்து கொடுத்தேன், யார் கண்ணுக்கும் தெரியவில்லை. காவித்தூளையும் சுண்ணாம்புத் தண்ணீரிலேயே குழைத்து அடித்தேன். அடிக்கும்போது ரத்தச் சிவப்பு, காய்ந்தபின் பழைய ஓட்டு நிறம். செவலையின் இடத்தில் விளிம்பு அப்படியே சாம்பல் நிறமாக விட்டதால், பட்டைகள் மேலே வந்து அங்கே சட்டென்று நின்றுவிடும். பார்க்கிறவர்கள் பெயிண்ட் தீர்ந்துவிட்டதா என்று கேட்பார்கள். அத்தை விளக்கம் சொல்வார்.

விதைச் செடிகளை ஒரு பழைய அலுமினிய அண்டாவுக்கு மாற்றினேன். விதையிலிருந்து வருவது எப்போது பூக்கும், பூக்குமா என்று உறுதி சொல்ல முடியாது. கண்மாய்த் தாமரையும் நிறைய இடம் கேட்கும் இனம். மூன்றடித் தொட்டிக்கு, தொட்டியில் பூக்கிற சிற்றினக் கிழங்குதான் சரி என்று மாசியில் கூரியரில் 450 ரூபாய்க்கு ஒன்று வரவழைத்தேன். ஈரப் பஞ்சில் சுற்றி வந்தது, என் சுண்டுவிரல் கனம், இரண்டு முளை நுனி, இரண்டும் முழுசாக. மண்ணில் விரலால் கால்வாய் மாதிரி கீறி, தொட்டிச் சுவரோரமாக, நுனி நடுவைப் பார்க்கும்படி படுக்கவைத்து, நுனி மட்டும் வெளியே தெரிய மண்ணால் மூடினேன். கிழங்கு காற்றடைத்தது, மிதந்து எழும்பிவிடும், அதனால் நடுவில் ஒரு தட்டைக் கல். தண்ணீர் 3 அங்குலம்.

பன்னிரண்டாம் நாள் மிதக்கும் இலை. பங்குனி நடுவில் முதல் நிமிர்ந்த இலை, தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரம். அப்புறம் வாரத்துக்கு இரண்டு. நிமிர்ந்த இலை ஐந்து வந்த பிறகுதான் உரம் வைத்தேன். ஒரு தேக்கரண்டி டிஏபியைச் செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, இரண்டு பொட்டலம், கிழங்கிலிருந்து தள்ளி முழங்கை வரை கையை விட்டு மண்ணின் அடியில் செருகினேன். இருபது நாளுக்கு ஒரு முறை. தண்ணீரில் கரைந்தால் பாசி பெருகும், மீனுக்கும் ஆபத்து, அதனால் மேலே தூவவே கூடாது.

சித்திரையில் தண்டுகளில் அசுவினி. கருப்பாகக் கொத்துக் கொத்தாக. வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து ஒரே ஒரு இலையில் மட்டும் துணியால் தடவிப் பார்த்தேன், அப்படி ஒன்றோடு நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. மறுநாள் அந்த இலையில் தண்ணீர் தெளித்தேன். மற்ற இலைகளில் பாதரசம் மாதிரி உருண்டு ஓடிய தண்ணீர் இதில் மட்டும் ஒட்டிக்கொண்டு பரவியது. இலையின் மெழுகுப் பூச்சைச் சோப்பு கரைத்துவிட்டது. தாமரை இலைத் தண்ணீர் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறோம், அது இல்லாத தாமரை இலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாலு நாளில் அந்த இலை கருகியது. அதன் பிறகு தினமும் காலையில் ஈர விரலால் தண்டோடு வழித்துவிடுவதுதான். கீழே விழும் அசுவினியைக் கப்பிகள் வந்து கொத்தித் தின்னும், அதைப் பார்க்கவே நான் சீக்கிரம் எழுந்துகொள்வேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு இலைத் தண்டுக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்கு மொட்டு. இரண்டு வாரத்துக்கு மேல் வளர்ந்து, அந்தச் செவ்வாய்க்கிழமை திறந்தது. முதல் நாள் பத்து மணிக்கெல்லாம் மூடிக்கொண்டது. புதன்கிழமை முழுத் தாம்பாளமாக விரிந்தது, தேனீக்கள் விடிவதற்குக் காத்திருந்த மாதிரி வந்தன. வியாழக்கிழமை நிறம் வெளிறியது. வெள்ளிக்கிழமை காலை அத்தை பறிக்கலாமா என்று கேட்கும்போதே இதழ் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழத் தொடங்கிவிட்டது. தண்ணீரில் மிதந்த இதழ்களைப் பொறுக்கிச் சாமி படத்துக்கு வைத்தார். பொகுட்டை அப்படியே விட்டிருக்கிறேன்.

செலவு கேட்பவர்களுக்காக: சிமெண்ட் 50, கசிவுத் தடுப்புத் திரவம் 120, கம்பி பிரஷ் 40, எபாக்சி 120, மீன் இரண்டு தடவையும் சேர்த்து 300, பிஎச் தாள் 150, கரம்பை ஆட்டோ 200, பொகுட்டு 20, எமல்ஷன் 380, சுண்ணாம்பு 75, காவி 60, இரண்டாம் முறை நகர்த்தக் கூலி 600, கிழங்கு 450, டிஏபி 30. கூட்டினால் 2595 ரூபாய். மணலும் வாழையும் ஊர்க்காரர்கள் கொடுத்தது. இதில் எபாக்சி, எமல்ஷன், முதல் பதினைந்து மீன், நகர்த்துக் கூலி ஆகிய 1250 ரூபாய் தவிர்த்திருக்கக் கூடியது. பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

அடுத்த தையில் மண்ணைக் கிளறிக் கிழங்கைப் பிரிக்க வேண்டும். மூன்று நான்காகப் பெருகியிருக்கும் என்று நினைக்கிறேன், நுனி ஒடியாமல் எடுக்க முடிந்தால் கேட்டவர்களுக்கு ஆளுக்கு ஒன்று தருகிறேன், வழிந்தோடும் குழாயையும் அப்போதே பதித்துவிடுவேன். இன்றைக்குச் சாயங்காலம் பார்த்தபோது இன்னும் இரண்டு மொட்டு தண்ணீருக்கு மேலே வந்திருந்தது, அதில் ஒன்று சரியாகச் செவலை கழுத்து வைத்த இடத்துக்கு நேரே சாய்ந்து நிற்கிறது.